சேர்வர் மாறும்போது பெயர்களுக்கு என்ன நடக்கும்?

காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் தந்த வாக்குமூலங்களைச் சேமித்து வைத்திருக்கும் அலுவலகம் ஒன்று தனது சேர்வரை மாற்றத் தயாராகிறது. அதிலுள்ள விண்டோஸ் சேர்வர் 2012க்கான வழமையான ஆதரவு 2023 ஒக்டோபர் 10ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. அவர்களது திட்டத்தைப் பார்த்தேன். இயந்திரம் வாங்குவதும் கோப்புகளைப் பிரதியெடுப்பதும் அதில் சின்ன வேலைகள்தான்.

சிக்கல் பாமினி எழுத்துருவில் இருக்கிறது. ஒரு காலத்தில் நாங்கள் எல்லோரும் அதில்தானே தட்டச்சு செய்தோம்! ஆனால் கணினிக்கு அது தமிழே அல்ல. பாமினி இல்லாத புதிய கணினியில் ‘அம்மா’ என்பது நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். யுனிகோட்டில் பிள்ளையின் பெயரைத் தேடினால், கோப்புக்குள் பெயர் இருந்தும் ‘இல்லை’ என்றே திரை சொல்லும்.

யுனிகோட்டுக்கு மாற்றும் மென்பொருள்கள் உண்டு. அவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. பழைய அடையாள அட்டை இலக்கத்தின் இறுதியிலுள்ள ‘வி’ என்ற ஆங்கில எழுத்தையும் ‘ஏ’ ஆக்கிவிடக்கூடும். ஆகவே மூலக் கோப்பில் கைவைக்காமல் பிரதியில் மாற்றி, பெயர்களையும் இலக்கங்களையும் ஒருவர் இருந்து வாசித்து ஒப்பிட வேண்டும்.

பழைய சேர்வரைச் சில மாதங்களாவது பூட்டி வைப்பது நல்லது. பிறகும் அதன் வன்தட்டுகளைப் பழைய இரும்புக்குப் போடக்கூடாது. அழித்த கோப்புகளை மீட்டெடுக்கலாம். சாட்சி சொன்னவர்களின் முகவரிகளும் அதில்தான் இருக்கின்றன.