புளியந்தீவும் அதன் கோட்டையும்

மட்டக்களப்பு வாவி கடற்கரையை ஒட்டி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. அதற்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய மணற்பரப்பு எழுவான்கரை எனவும், மேற்கே வயல்கள் பரந்த நிலம் படுவான்கரை எனவும் பெயர் பெறும். ஞாயிறு எழும் கரை, ஞாயிறு படும் கரை என்ற இவ்விரு பெயர்களிலும் இந்நாட்டின் இயற்கையமைப்பு முழுவதும் அடங்கியுள்ளது எனலாம். இவ்விரு கரைகளுக்கும் நடுவே, வாவியின் வடபாகத்தில், நீர் சூழ்ந்த சிறு தீவொன்று உண்டு. அதுவே புளியந்தீவு. புளியமரங்கள் மிக்கிருந்தமையால் இப்பெயர் வந்தது என்பர் சிலர். புலியன் என்னும் தலைவன் ஒருவனது பெயரே இவ்வாறு திரிந்தது என்பாரும் உளர்.

இன்று மட்டக்களப்பு என்றவுடன் பலரது நினைவிலும் வருவது இத்தீவும் அதனைச் சார்ந்த நகருமே. ஆயின் மட்டக்களப்பு என்னும் பெயர் முற்காலத்தில் வாவியின் தென்பாகத்துக்கே, சிறப்பாகச் சம்மாந்துறைப் பக்கத்துக்கே, உரியதாயிருந்தது என்பது இந்நாட்டில் வழங்கும் மரபு. அம்மரபை ஒப்புக்கொள்வோமாயின், பெயரை வடக்கே இழுத்துக்கொண்டு வந்தது கோட்டையேயாகும். அரசாட்சி எங்கே சென்று தங்குகின்றதோ அங்கே பெயரும் சென்று தங்குதல் உலகியல்பு.

அக்கோட்டையைப் பொதுமக்கள் ஒல்லாந்தர் கோட்டை என்றே வழங்குவர். இவ்வழக்கு முற்றும் பொருந்துவதன்று. முதன்முதல் அங்கே கோட்டை எழுப்பியோர் போர்த்துக்கேயர்; ஆண்டு 1628. அப்பொழுது இலங்கையிற் போர்த்துக்கேயரின் தலைமைத் தளபதியாக இருந்தவர் கொன்சுதந்தீனு த சா. இவரது காலத்திலேயே திருகோணமலையில் கோணேசர் கோயில் இடிக்கப்பட்டு, அதன் கற்கள் அங்கு எழுந்த கோட்டைக்குப் பயன்பட்டன. கண்டி மன்னனுக்குக் கடலோடு தொடர்பு இல்லாமற் செய்தலே இவ்விரு கோட்டைகளின் நோக்கம். கீழ்க்கரைத் துறைகள் இரண்டையும் அடைத்துவிட்டால், மலைநாட்டுக்கு வேற்று நாட்டுத் துணை வரும் வழி அடைபடும் அன்றோ? இங்கே இன்னொன்றும் நினைத்தற்குரியது. 1580 முதல் 1640 வரை போர்த்துக்கல், இசுப்பானிய மன்னரின் முடிக்கீழ் இருந்தது. ஆகவே, வாவி நடுவேயுள்ள இச்சிறு தீவில் முதற் கல் வைக்கப்பட்டபோது, அதற்குரிய முடியரசர் மத்திரித்து நகரில் வீற்றிருந்த நாலாம் பிலிப்பு ஆவார்.

கண்டியார்க்குத் துணை வரும் வழி இதுவே எனப் போர்த்துக்கேயர் அஞ்சியது காரணமின்றி அன்று. 1602ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யோரிசு வான் இசுப்பில்பெர்கன் என்னும் ஒல்லாந்தக் கப்பற்றலைவர் மட்டக்களப்பிலே நங்கூரமிட்டு, இங்கிருந்தே கண்டிக்குச் சென்று முதலாம் விமலதருமசூரியனைக் கண்டார். அவரது நல்லுறவை அவருக்குப் பின் வந்த செபால்டு த வேர்ட்டு கெடுத்தார். 1603இல் இப்பகுதியிலேயே மன்னனோடு சொல்லாடிய வேளையிற் பூசல் மூண்டு, அவரும் அவருடன் வந்தோர் பலரும் கொல்லப்பட்டனர். அதன்பின் ஒரு தலைமுறைக்கு மேலாக அவ்வுறவு தளர்ந்தே கிடந்தது.

அதனைப் புதுப்பித்தவன் இரண்டாம் இராசசிங்கன். 1638 மார்ச்சில் கன்னொருவையிற் போர்த்துக்கேயப் படை அழிந்தது. தளபதி தியோகு த மெல்லோ களத்திலே மடிந்தார். அவ்வெற்றியின் சூடு ஆறுமுன் மன்னன் தன் படையுடன் கீழ்க்கரை வந்தான். ஆதாம் வெசுற்றர்வோல்டு என்பார் ஒல்லாந்தக் கப்பல்களுடன் வந்து பீரங்கிகளைக் கரையிறக்கினார். மே 18ஆம் நாள் கோட்டை பணிந்தது. இலங்கையிற் போர்த்துக்கேயர் ஒல்லாந்தரிடம் இழந்த முதற் கோட்டை இதுவே. ஐந்து நாள் கழித்து, மே 23ஆம் நாள், மன்னனும் வெசுற்றர்வோல்டும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர்.

இவ்வுடன்படிக்கையே புளியந்தீவின் வரலாற்றில் உயிர்நிலை. பகைவரிடமிருந்து பிடிக்கப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை காவல் இருத்தலைப் பற்றி அதன் மூன்றாம் பிரிவு பேசுகின்றது. மன்னனுக்குரிய போர்த்துக்கேய மொழிப் படியில், மன்னன் விரும்பினால் என்னும் பொருள்பட ஒரு சிறு வாசகம் உண்டு. ஒல்லாந்த மொழிப் படியிலோ அது இல்லை. வரலாற்றாசிரியர்கள் இரு படிகளையும் ஒப்புநோக்கி இவ்வேறுபாட்டை எடுத்துக் காட்டியுள்ளனர். கையெழுத்திட்ட இருவரும் ஒரே பத்திரத்தை ஏற்றதாக எண்ணினர், பத்திரங்களோ இரண்டு. முன்னையதன்படி ஒல்லாந்தர் மன்னனின் கூலிப்படை. பின்னையதன்படி கோட்டைக்கு உடையவர்.

விளைவு விரைவிலேயே தெரிந்தது. மட்டக்களப்பும் திருகோணமலையும் மன்னனிடம் ஒப்படைக்கப்பட்டன. அவற்றால் வரும் ஊதியம் சிறிது. கறுவா விளையும் தென்மேற்குக் கரையிலோ நடந்தது வேறு. 1640இல் வீழ்ந்த காலியும் 1656இல் வீழ்ந்த கொழும்பும் மன்னன் கைக்கு வரவேயில்லை. போர்ச்செலவு முழுவதும் தீரும்வரை கோட்டைகளை வைத்திருப்போம் என்றது கம்பெனி. கணக்கை எழுதியதும் கம்பெனியே. அத்தகைய கணக்கு என்றேனும் தீர்வதுண்டோ? 1660களின் பிற்பகுதியில் ஒல்லாந்தர் இக்கீழ்க்கரைக்கும் மீண்டனர். 1795 செப்டெம்பரில் ஆங்கிலேயர் வரும்வரை அகன்றாரில்லர்.

மூன்று முதலெழுத்துகளையே முத்திரையாகக் கொண்டது அக்கம்பெனி. ஆங்கில எழுத்தில் அவை வி, ஓ, சி. தூத்துக்குடியிற் கப்பலோட்டிய சிதம்பரனார் ஆங்கிலத்திற் கையெழுத்திட்ட முதலெழுத்துகளும் அவையே. வாணிகக் கம்பெனியை எதிர்த்தவர்க்கும் வாணிகக் கம்பெனிக்கும் ஒரே எழுத்துகள் அமைந்தது வியப்பே.

கோட்டை ஏறக்குறையச் சதுரமானது. நான்கு மூலைகளிலும் கொத்தளங்கள் உடையது. இரு பக்கம் வாவியும் மற்றை இரு பக்கம் அகழியும் அதனைக் காத்தன. ஆங்கிலேயர் காலந்தொட்டு நெடுங்காலம் மாவட்டக் கச்சேரி அதனுள்ளேயே இயங்கியது. காணி உறுதிக்கும் நெல் வரிக்குமாக மதில் வாயிலிற் காத்து நின்றோர் தொகை, அதனை முற்றுகையிட்ட படையினர் தொகையிலும் மிக்கதாகவே இருக்கும். 1978 நவம்பர்ச் சூறாவளியிலும் 2004 திசெம்பர் ஆழிப்பேரலையிலும் இப்பகுதி பட்ட துயர் பெரிது. கோட்டை மதில் அவற்றையும் கண்டு நிற்கின்றது.

கோட்டையின் நினைவு மதிலில் மாத்திரம் தங்கவில்லை. நீருக்கு அப்பாலுள்ள நிலம் கோட்டைமுனை எனப்படுகின்றது. புளியந்தீவிலே பிள்ளையார் கோயில் கொண்ட இடம் ஆனைப்பந்தி. ஆனை கட்டும் கொட்டிலுக்கே பந்தி என்று பெயர். எழுதி வைத்த கல் ஒன்றும் இல்லாத இடத்தும் ஊர்ப்பெயர் சான்று சொல்வதற்கு இவை எடுத்துக்காட்டு.

அகழி காவலுக்கு நல்லது, வாழ்க்கைக்கு இடையூறு. நெல்லும் மீனும் தேங்காயும் யாவும் தோணியிலேயே வந்தன. 1924இல் கல்லடிப் பாலம் திறக்கப்பட்டது. தேசாதிபதி மானிங்கு துரையின் மனைவியார் பெயரால் லேடி மானிங் பாலம் எனப்பட்டது. இரும்பாலான அப்பாலத்தின் அருகே 2013இற் புதுப்பாலம் எழுந்தபின் பழையது நடப்போர்க்கு உரியதாயிற்று. தெற்கே மண்முனைத் துறையிலோ 2014இற் பாலம் திறக்கும்வரை பாதையே துணை. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் தேரைக் காணச் சென்ற எழுவான்கரை அடியார் கூட்டம் அப்பாதைக்குக் காத்து நின்றதை முதியோர் இன்றும் சொல்வர்.

பாலத்தால் விளைந்த நன்மையுள் ஒன்றைக் கல்லூரி மாணவர் சிறப்பாக அறிதல் வேண்டும். புளியந்தீவிலும் அதன் அயலிலும் கல்வியை முதலில் நிறுவியோர் மிசனரிமார். 1814இல் வந்த வில்லியம் ஓல்டு ஓராண்டும் நிறையாமல், 1815 ஏப்ரலில் இங்கேயே மறைந்தார். அவர் தொடக்கிய பள்ளி மெதடிசுத மத்திய கல்லூரியாக நிலைத்தது. 1873இற் புனித மிக்கேல் கல்லூரி தோன்றியது. அக்கல்லூரியிற் கற்றவரே காரைதீவிற் பிறந்த மயில்வாகனன். பின்னாளில் விபுலாநந்த அடிகள். பாலம் திறந்து ஐந்தாண்டில், 1929இல், அவர் பாலத்தின் அக்கரையிற் கல்லடி உப்போடையிலே சிவாநந்த வித்தியாலயத்தை நிறுவினார். அந்நிலத்திலேயே 1947 முதல் அவரது சமாதியும் உள்ளது.

இப்பாலத்தடியிலேதான் புகழ்பெற்ற நீரர மகளிர் இசை கேட்கின்றது. எமர்சன் தெனென்று என்பார் 1859இல் வெளிவந்த தம் இலங்கை நூலில் அதனைக் குறித்துள்ளார். மிக்கேல் கல்லூரியைச் சார்ந்த லாங்கு அடிகளார் 1950களில் நீருள் ஒலிவாங்கியை இறக்கி அதனைப் பதிவு செய்தார். ஒலிப்பது மீன் என்பர் சிலர். ஊரி என்பர் சிலர். வள்ளக்காரருக்கு இவ்வழக்கில் ஈடுபாடு இல்லை. நிறைமதி நாளில், காற்று அடங்கிய பின்னர், வள்ளத்தை நிறுத்தித் துடுப்பின் ஒரு முனையை நீரில் ஆழ்த்தி, மறுமுனையைக் கேட்க வந்தவரின் காதருகே பிடித்துவிட்டுப் பேசாதிருப்பர்.