ஒரு வாய்ச்சொல்லும் ஓர் உயிரும்

கோவலனைக் கொன்றது காவலனின் வாளா, பொற்கொல்லனின் வாயா? சிலப்பதிகாரத்து வழக்குரை காதையைப் படிப்பிக்கும் போதெல்லாம் மாணவர்களிடம் நான் கேட்கும் கேள்வி இது. ஒருவன் சொன்னதை மட்டும் நம்பிய பாண்டியன், பழி சுமத்தப்பட்டவனை அழைத்து ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. கண்ணகி வந்து சிலம்பை உடைத்த பிறகே முத்து எது, மாணிக்கம் எது என்று சபைக்குத் தெரிந்தது. சான்று வந்தது, ஆனால் உயிர் போன பின் வந்தது.

உயிர் போகுமுன் சான்று வந்தால் என்ன ஆகும்? அதைக் காட்டத்தான் சதாசிவம் கொலை வழக்கை எங்கள் மலைநாட்டு வகுப்பறைக்குக் கொண்டுவந்தேன்.

மகாதேவ சதாசிவம் இலங்கையின் தலைசிறந்த துடுப்பாட்டக்காரர்களுள் ஒருவர். 1947இல் சென்னை சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கெதிராக 215 ஓட்டங்கள் குவித்தவர். 1948இல் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் ஆடியபோது இலங்கைக்குத் தலைமை தாங்கியவர். 1951 ஒக்டோபர் 9ஆம் திகதி, பம்பலப்பிட்டி வீட்டின் கராஜில் அவருடைய மனைவி ஆனந்தம் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்து கிடந்தார். கணவன் மனைவிக்கிடையே விவாகரத்து விவகாரம் நடந்துகொண்டிருந்த காலம் அது. வீட்டு வேலைக்கு வந்து சில நாட்களே ஆன வில்லியம் என்ற இளைஞர் காணாமற் போயிருந்தார். பின்னர் பிடிபட்ட அவர், எஜமானே கொன்றார், நான் உதவினேன் என்றார். அவருக்கு மன்னிப்பு வழங்கி அரச தரப்புச் சாட்சியாக்கினார்கள். கணவர் குற்றவாளிக் கூண்டில் ஏறினார்.

அன்று இலங்கையில் கொலைக்குத் தண்டனை தூக்கு. ஒரு வாய்ச்சொல்லில் ஓர் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது.

1953இல் கொழும்பில், நீதியரசர் கிரேஷன் முன்னிலையில், வழக்கு 57 நாட்கள் நடந்தது. எதிரிக்காக வாதாடியவர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சூட்டுக்குப் பலியான கோவிந்தனின் மனைவிக்காக விசாரணை ஆணைக்குழு முன் தோன்றியவரும் இவரே என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

சதாசிவம் காலை 10.30 மணியளவில் டாக்சியில் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். மரணம் அதற்கு முன்னா, பின்னா? இதுவே வழக்கின் அச்சாணி. உடல் எவ்வளவு குளிர்ந்திருந்தது என்பதிலிருந்து நேரத்தைக் கணிக்க முயன்றார் பேராசிரியர் டி சேரம். அதற்காகத் தூக்கிலிடப்பட்ட கைதிகளின் உடல் வெப்பநிலையையும் அளந்து பார்த்தார். கொலை நடந்தது மாடியறையில் என்றார் வில்லியம். ஆனால் இறந்தவரின் உள்ளங்கால்களில் படிந்திருந்த அழுக்கு சமையலறையையே சுட்டுகிறது என்று எடின்பரோவிலிருந்து வந்த நிபுணர் சேர் சிட்னி ஸ்மித் விளக்கினார். வில்லியத்தின் உடலில் இருந்த கீறல்களும் ஆராயப்பட்டன. மதுரையில் மாணிக்கப்பரல் பேசியது போல், கொழும்பில் பாதத்து அழுக்குப் பேசியது.

1953 ஜூன் 25ஆம் திகதி ஜூரிமார் ஒருமனதாகச் சதாசிவம் குற்றவாளியல்லர் என்றனர்.

"அப்படியென்றால் வில்லியம்தான் கொன்றார், இல்லையா சேர்?" என்று ஒரு மாணவன் கேட்டான். அவனுக்கு மறுமொழி என்னிடமிருந்து வரவில்லை. பின்வரிசை மாணவி ஒருத்தியிடமிருந்து வந்தது. அவளுடைய அக்கா கொழும்பில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். "வேலைக்காரருக்காக அங்கே யார் பேசினார்கள்?" என்று கேட்டாள்.

அவளுடைய கேள்வி நியாயமானது. ஐயத்திற்கிடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்றால் எதிரி விடுதலை பெற வேண்டும், அதுதான் சட்டம். ஆனால் ஒருவர் விடுதலையானதால் மற்றவர் குற்றவாளியாகிவிடுவதில்லை. வில்லியம் அந்த வழக்கில் சாட்சி, எதிரியல்லர். அவருக்கென்று ஒரு கூண்டும் இருக்கவில்லை, ஒரு வழக்கறிஞரும் இருக்கவில்லை, ஒரு தீர்ப்பும் இல்லை. ஒருவருக்கு நீதிமன்றம் தந்த ஐயத்தின் பலனை ஊர்வாய் மற்றவருக்குத் தரவில்லை. கொலையுண்ட தாய்க்கோ எந்த நீதிமன்றமும் விடை தரவில்லை.

கதைக்கு முடிவு வேண்டும் என்று மனம் அவசரப்படுகிறது. நீதியோ முடிவில்லாத கதையையும் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறது. இது நீதிமன்றத்துக்கு மட்டும் உரிய பாடமன்று. பெரிய வீடுகளில் ஒரு மோதிரம் காணாமற் போனால், முதலில் யாருடைய பெட்டியைத் திறக்கிறார்கள்? தோட்டத்திலிருந்து வேலைக்குப் போன பிள்ளையின் பெட்டியைத்தானே! அந்த நேரத்தில் யார் சொன்னார்கள், யார் பார்த்தார்கள், அந்தப் பிள்ளையைக் கேட்டீர்களா என்று கேட்க ஒருவர் வேண்டும். மதுரைச் சபையில் அப்படிக் கேட்க ஒருவரும் இருக்கவில்லை.