ஞாயிறு விளையாட்டும் திங்கள் சம்பளமும்

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கொட்டாஞ்சேனைச் சந்துகளில் மென்பந்து கிரிக்கெட் தொடங்கிவிடும். பின்னேரமானால் வெள்ளவத்தையில் புகையிரதப் பாதைக்கு அப்பால் கடற்கரை மணலில் உதைபந்தாட்டம் நடக்கும். விளையாடுவோரில் எமது பிள்ளைகளும் இருக்கிறார்கள். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னியிலிருந்தும் வயலையும் தோட்டத்தையும் விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். ஆறு நாள் கடையிலும் களஞ்சியத்திலும் நின்றவர்களுக்கு ஏழாம் நாள் விளையாட்டு ஓர் ஆறுதல். அதனை நாம் குறை கூறவில்லை. ஆனால் விழுந்து கை முறிந்தால் திங்கட்கிழமைச் சம்பளம் என்னவாகும் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும்.

காலி வீதிப் புடவைக் கடையொன்றில் வேலை செய்யும் இளைஞர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பந்தைப் பிடிக்கப் பாய்ந்து மணிக்கட்டை முறித்துக்கொள்கிறார். ஆறு கிழமை மாவு கட்டியிருக்க வேண்டும் என்கிறார் வைத்தியர். அவர் அனுப்பும் பணத்தை நம்பித் தாய் தந்தையரும் படிக்கும் தங்கையும் இருக்கிறார்கள். அவருக்கு என்ன உரிமை உண்டு?

முதலில், இல்லாததைச் சொல்லிவிடுவோம். 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் ஏற்படும் காயத்துக்கே நட்டஈடு தருகிறது. 2022 இல் செய்யப்பட்ட திருத்தம் வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தையும் சேர்த்தது. உச்சத் தொகையை 5,50,000 ரூபாவிலிருந்து 20,00,000 ரூபாவாக உயர்த்தியது. ஆனால் ஞாயிறு விளையாட்டு இதற்குள் வராது.

இதனால் சிலர், "கடைப் படிக்கட்டில் விழுந்ததாகச் சொல்லிவிடு" என்று புத்தி சொல்வதுண்டு. அதனைக் கேட்க வேண்டாம். வைத்தியசாலைப் பதிவு ஒன்றைச் சொல்ல, முறைப்பாடு வேறொன்றைச் சொன்னால், பணமும் கிடையாது, வேலையும் போகும், நல்ல பெயரும் போகும்.

இனி, உள்ளதைப் பார்ப்போம். கொழும்பு தேசிய வைத்தியசாலை விபத்துப் பிரிவில் சிகிச்சை இலவசம். முறிவு தறிவு வைத்தியரிடம் போக விரும்புவோரும் முதலில் அங்கே எக்ஸ்றே எடுத்துப் பார்ப்பது நல்லது. நோய் நிர்ணய அட்டையையும் மருத்துவச் சான்றிதழையும் பத்திரமாக வைத்திருங்கள். லீவு கேட்கவும் காப்புறுதி கேட்கவும் அவையே சாட்சி.

கடையிலோ காரியாலயத்திலோ வேலை செய்பவருக்கு 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் துணை நிற்கும். இரண்டாம் ஆண்டிலிருந்து, தனிப்பட்ட அலுவல், சுகவீனம் அல்லது வேறு நியாயமான காரணத்துக்காக வருடத்தில் 7 நாள் சம்பளத்துடன் லீவு உண்டு. முதலாம் ஆண்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு நாள் கிடைக்கும். காயம் எங்கே ஏற்பட்டது என்பது இங்கே தடையில்லை. இவற்றுக்குப் புறம்பாக 14 நாள் வருடாந்த லீவும் உண்டு. இரண்டையும் சேர்த்தால் 21 நாள். ஆறு கிழமையில் ஏறக்குறைய பாதியையாவது இவ்வாறு சமாளிக்கலாம். நாட்டாமை வேலை, நாட்கூலி வேலை செய்வோருக்கு இந்தப் பாதுகாப்பு அரிது. அவர்களே அதிகம் யோசிக்க வேண்டியவர்கள்.

சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதமும் முதலாளி 12 வீதமும் செலுத்த வேண்டும். முதலாளி மேலும் 3 வீதத்தை ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குக் கட்ட வேண்டும். நிரந்தரமாக வேலை செய்ய இயலாத நிலை வந்தால் சேமலாப நிதியை வயதுக்கு முன்னரே எடுக்கலாம். நம்பிக்கை நிதியத்திலும் நிரந்தர அங்கவீனத்துக்கு உதவி உண்டு. ஆகவே வேலையில் சேரும்போதே நியமனக் கடிதத்தையும் அங்கத்துவ இலக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். முதலாளி மறுத்தால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

ஊரில் கமம் செய்த தந்தையருக்கும் ஒரு வார்த்தை. 1987 இல் தொடங்கிய கமக்காரர் ஓய்வூதியத் திட்டத்தில் அங்கவீனக் கொடுப்பனவுக்கும் இடமுண்டு. இடம்பெயர்வில் புத்தகம் தொலைந்திருந்தால் கமநல சேவை நிலையத்தில் விசாரியுங்கள். பாடசாலைப் பிள்ளைகளுக்கு 2017 இல் 'சுரக்ஷா' காப்புறுதி தொடங்கப்பட்டது. இடையில் நின்று, 2024 இல் மீண்டும் ஆரம்பமானது. அதன் விபரத்தை அதிபரிடம் கேளுங்கள்.

பிற நாடுகளில் என்ன செய்கிறார்கள்? எம்மவர் பலர் வாழும் சுவிற்சர்லாந்தில் 1984 முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி, ஒரு முதலாளியிடம் கிழமைக்கு 8 மணித்தியாலமாவது வேலை செய்பவருக்கு வேலைக்கு வெளியே நேரும் விபத்துக்கும் காப்புறுதி உண்டு. மூன்றாம் நாளிலிருந்து சம்பளத்தில் 80 வீதம் கிடைக்கும். அதற்கான கட்டணத்தைப் பொதுவாக ஊழியரே செலுத்துகிறார். நியூசிலாந்தில் 1974 முதல் விளையாட்டுக் காயத்துக்கும் அரச நட்டஈடு கிடைக்கிறது. விளையாடுபவன் வீட்டையும் பட்டினி போடக்கூடாது என்பதே இவற்றின் நோக்கம்.

அத்தகைய சட்டம் இங்கே வரும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. முப்பது பேர் கொண்ட ஒரு விளையாட்டுக் கழகம் ஆளுக்குக் கிழமைக்கு 100 ரூபா சேர்த்தால், வருடத்தில் 1,56,000 ரூபா சேரும். சீட்டுப் பிடிக்கத் தெரிந்த எமக்கு இது புதிதல்ல. பங்கின் இளைஞர் மன்றம் கணக்கை வைத்து, காயப்பட்டவருக்கு லீவு முடிந்த பின் கிழமைக் கொடுப்பனவு ஒன்றைத் தரலாம். எத்தனை கிழமைக்கு, எவ்வளவு என்பதை முதலிலேயே எழுதி எல்லோரும் கையொப்பமிட வேண்டும். தனியார் காப்புறுதி எடுப்பதானால், விளையாட்டுக் காயத்தை அது ஏற்கிறதா, நிரந்தர அங்கவீனத்துக்கு மட்டுமா, வேலைக்குப் போகாத நாட்களுக்கும் தருமா என்று கேட்ட பின்பே கையொப்பமிடுங்கள்.

தேவைக்கேற்பப் பகிர்ந்து வாழ்ந்த ஆதித் திருச்சபையை நாம் கோவிலில் நினைவுகூருகிறோம். விளையாட்டுத் திடலிலும் அது நினைவுக்கு வரட்டும். அடுத்த ஞாயிறு பந்தை எடுக்குமுன் ஒரு கொப்பியை எடுத்து, முதற் பெயரை எழுதுங்கள்.