வாகன நிறுத்தத்தில் வைத்த பொருட்களுக்கு வீட்டுக் காப்பீடு உண்டா? பட்டியல் தயாரிப்பது எப்படி? – ஒரு விளக்கம்

புனே: மகாராஷ்டிர மாநிலம் புனேயின் தெற்குப் பகுதியில் உள்ள கோந்த்வாவில், 2019-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் தேதி அதிகாலை, கனமழைக்கு இடையே அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் சுற்றுச்சுவர் இடிந்து விழுந்தது. தாலாப் மசூதிப் பகுதியில் உள்ள அல்கான் ஸ்டைலஸ் என்ற அந்தக் குடியிருப்பின் சுவரை ஒட்டி, பக்கத்துக் கட்டுமானத் தளத்தில் பணிபுரிந்த தொழிலாளர்களின் தகரக் கொட்டகைகள் இருந்தன. அவற்றில் உறங்கிக்கொண்டிருந்த 15 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 4 பேர் குழந்தைகள். சுவரின் உட்புறம் நிறுத்தப்பட்டிருந்த கார்களும் மண்ணோடு சேர்ந்து கீழே சரிந்தன.

அடுத்த சில நாட்களில், புனேயின் அம்பேகாவ் பகுதியிலும் சுவர் இடிந்து தொழிலாளர்கள் 6 பேர் உயிரிழந்தனர். அதே ஆண்டு செப்டம்பர் 25-ஆம் தேதி இரவு பெய்த பெருமழையில், கோந்த்வாவுக்கு அருகிலுள்ள காத்ரஜ் பகுதியிலிருந்து நகருக்குள் பாயும் அம்பில் ஓடை கரைபுரண்டது. 20-க்கும் மேற்பட்டோர் பலியான அந்த வெள்ளத்தில், சஹகார் நகர், அரண்யேஷ்வர் உள்ளிட்ட பகுதிகளின் தரைத்தளங்களும் வாகன நிறுத்தங்களும் நீரில் மூழ்கின.

உயிரிழப்புகளுக்கு முன் பொருள் இழப்பு சிறியதுதான். தகரக் கொட்டகையில் வாழ்ந்தவர்களுக்குக் காப்பீடும் இல்லை, பட்டியலிடுவதற்குப் பெரிய அளவில் உடைமைகளும் இல்லை என்பதையும் மறந்துவிட முடியாது. எனினும், இத்தகைய பேரிடர்களில் குடும்பங்கள் முதலில் இழக்கும் இடம் எது என்று பார்த்தால், அது பெரும்பாலும் வரவேற்பறையாகவோ படுக்கையறையாகவோ இருப்பதில்லை. தரைத்தள வாகன நிறுத்தம், அடித்தளம், மாடிப்படிக்குக் கீழுள்ள அறை, மொட்டைமாடிக் கொட்டகை ஆகியவையே முதலில் பாதிக்கப்படுகின்றன. அங்கு என்ன இருந்தது என்று கேட்டால் வீட்டு உரிமையாளர்களால் உடனே பதில் சொல்ல முடிவதில்லை.

காப்பீட்டு ஆவணம் என்ன சொல்கிறது?

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் (ஐஆர்டிஏஐ), வீடுகளுக்கான பொதுவான காப்பீட்டுத் திட்டமாக 'பாரத் கிருஹ ரக்ஷா'வை 2021-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் நடைமுறைப்படுத்தியது. தீ, மின்னல், நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு, கலவரம், தண்ணீர்த் தொட்டி வெடித்து அல்லது வழிந்து ஏற்படும் சேதம் உள்ளிட்டவை இதில் அடங்கும்.

இந்தத் திட்டத்தில் 'வீட்டுக் கட்டடம்' என்ற சொல்லுக்குத் தரப்பட்டுள்ள வரையறை கவனிக்கத்தக்கது. நான்கு சுவர்களோடு அது நின்றுவிடுவதில்லை. கார் ஷெட், வாகன நிறுத்த இடம், சுற்றுச்சுவர், வேலி, வாயிற்கதவு, தடுப்புச் சுவர், தாழ்வாரம், நிலையான தண்ணீர்த் தொட்டி, சூரிய மின் தகடுகள் ஆகியவையும் அதில் சேர்க்கப்பட்டுள்ளன. அதாவது, கட்டடத்துக்கான காப்பீட்டுத் தொகையைக் கணக்கிடும்போதே இவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதேவேளையில், நிலச்சரிவுக்கான பாதுகாப்பில் முக்கியமான விதிவிலக்குகள் உள்ளன. குறைபாடுள்ள வடிவமைப்பு, தரமற்ற கட்டுமானப் பொருள், கட்டுமானப் பணி, பள்ளம் தோண்டுதல் ஆகியவற்றால் நிலம் சரிந்து ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு கிடையாது. ஒருபுறம் குடியிருப்பும் மறுபுறம் அஸ்திவாரப் பள்ளமும் அருகருகே இருக்கும் கோந்த்வா போன்ற வளரும் பகுதிகளில், இந்த ஒரு வரி முழு இழப்பீட்டையும் தீர்மானித்துவிடக்கூடும்.

வீட்டுப் பொருட்களைப் பொறுத்தவரை, கட்டடத்துக்குக் காப்பீடு எடுப்பவருக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சமாக ரூ.10 லட்சத்துக்குப் பொதுவான பொருட்களும் தாமாகவே காப்பீட்டுக்குள் வந்துவிடும். கட்டடம் ரூ.40 லட்சத்துக்குக் காப்பீடு செய்யப்பட்டிருந்தால், பொருட்களுக்கு ரூ.8 லட்சம். இதற்குப் பொருள் வாரியாக விவரம் அளிக்கத் தேவையில்லை. அதைவிடக் கூடுதலான தொகை வேண்டுமெனில் விவரம் அளிக்க வேண்டும். வாடகை வீட்டில் வசிப்பவர்கள் பொருட்களுக்கு மட்டும் தனியாகக் காப்பீடு எடுக்கலாம்.

விவரம் கேட்காமலேயே காப்பீடு கிடைக்கும்போது பட்டியல் எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பு. காப்பீடு எடுக்கும்போது கேட்கப்படாத விவரம் இழப்பீடு கோரும்போது கேட்கப்படும் என்பதே அதற்கான பதில். எந்தப் பொருள், எத்தனை, எப்போது வாங்கியது, இன்று அதே பொருளை வாங்க எவ்வளவு ஆகும் என்பதை மதிப்பீட்டாளரிடம் காட்ட வேண்டியவர் காப்பீடுதாரர்தான். ஆவணங்கள் இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் கோரிக்கையை நிராகரிக்கக் கூடாது என ஐஆர்டிஏஐ 2024-ஆம் ஆண்டு ஜூன் மாத முதன்மைச் சுற்றறிக்கையில் அறிவுறுத்தியுள்ளது. ஆனால், நிராகரிக்கப்படாமல் இருப்பது வேறு, முழுத் தொகையும் கிடைப்பது வேறு. இருந்ததற்கே அடையாளம் இல்லாத பொருளுக்கு மதிப்புப் போடுவது யாராலும் இயலாது.

பார்க்கிங் இடம் யாருடையது?

தனி வீடுகளில் இந்தச் சிக்கல் இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளில்தான் விவகாரம் தொடங்குகிறது. மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டமான ரெரா, கூரையும் மூன்று பக்கச் சுவர்களும் உள்ள இடத்தையே 'கராஜ்' என்று வரையறுக்கிறது. திறந்தவெளி நிறுத்தம் அதில் சேராது. தூண்களுக்கு இடையே அமைந்த 'ஸ்டில்ட்' வாகன நிறுத்தம், தனியாக விற்கக்கூடிய கராஜ் அல்ல, அது குடியிருப்பின் பொதுப் பகுதியே என்று, மும்பை தஹிசர் பகுதிக் குடியிருப்பு தொடர்பான நஹால்சந்த் லாலூசந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31-ஆம் தேதி தீர்ப்பளித்தது.

இதன் விளைவு காப்பீட்டிலும் எதிரொலிக்கிறது. பாரத் கிருஹ ரக்ஷாவின்படி, வீட்டிலிருந்து வேறு இடத்துக்குக் கொண்டு செல்லப்பட்ட பொருளுக்கு இழப்பீடு இல்லை. ஸ்டில்ட் தளத்தில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கும் பழைய சோபாவும் அட்டைப் பெட்டிகளும் 'வீட்டில்' இருப்பவையா, 'வேறு இடத்தில்' இருப்பவையா? வாகன நிறுத்த இடம் வரையறைக்குள் வருவதால் வீட்டில் இருப்பவையே என்று காப்பீடுதாரர் வாதிடலாம். பொதுப் பகுதி என்று நிறுவனம் மறுக்கலாம். சேதம் ஏற்பட்ட பிறகு இந்த வாதத்தைத் தொடங்குவதைவிட, ஒதுக்கப்பட்ட நிறுத்த இடத்தின் எண், பூட்டு வசதி, அங்குள்ள பொருட்கள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு முன்கூட்டியே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்துப்பூர்வமான பதிலைப் பெற்றுக்கொள்வது நல்லது. முகவர் வாய்மொழியாகத் தரும் உறுதி எந்த மேசையிலும் செல்லாது.

குடியிருப்புச் சங்கம் எடுத்திருக்கும் காப்பீடே போதும் என்று பலர் கருதுகின்றனர். மகாராஷ்டிரக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களுக்கான மாதிரித் துணைவிதிகள், கட்டடத்துக்குத் தீ, நிலநடுக்கக் காப்பீடு எடுக்கும் பொறுப்பைச் சங்கத்திடம் ஒப்படைக்கின்றன. ஆனால் அது கட்டடத்துக்கானது. உறுப்பினரின் சைக்கிளோ, பரணில் உள்ள பித்தளைப் பாத்திரமோ அதில் அடங்காது.

எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

கார், ஸ்கூட்டர் போன்ற வாகனங்கள் வீட்டுக் காப்பீட்டின்கீழ் வருவதில்லை. மோட்டார் காப்பீட்டில், வாகனத்தின் சொந்தச் சேதத்துக்கான பிரிவு இருந்தால் மட்டுமே வெள்ளம், நிலச்சரிவு, தீ ஆகியவற்றால் ஏற்படும் இழப்புக்குத் தொகை கிடைக்கும். மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்கு எதுவும் கிடைக்காது. நீர் புகுந்த வாகனத்தை இயக்க முயன்று இன்ஜின் பழுதானால், அதற்கெனக் கூடுதல் பாதுகாப்பு எடுத்திருக்காவிட்டால் சிக்கல்தான். எனவே தண்ணீரில் நின்ற வண்டியின் சாவியைத் திருகிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும்.

ரொக்கம், பத்திரங்கள், ஆவணங்கள், காசோலைகள், வெடிபொருட்கள் ஆகியவையும் தனியாகக் குறிப்பிடப்படாதவரை விலக்கப்பட்டவை. நகைகளும் கலைப்பொருட்களும் 'மதிப்புமிக்க பொருட்கள்' என்ற தனிப் பிரிவில் வருகின்றன. இதற்கான தொகை ரூ.5 லட்சத்தைத் தாண்டாமலும், தனிப் பொருள் ஒன்றின் மதிப்பு ரூ.1 லட்சத்தைத் தாண்டாமலும் இருந்தால் மதிப்பீட்டுச் சான்றிதழ் தேவையில்லை.

மீதமுள்ளவை ஏராளம். இன்வெர்ட்டரும் பேட்டரியும், தண்ணீர் மோட்டார், அலுமினிய ஏணி, துளையிடும் இயந்திரம், கார் கழுவும் கருவி, உபரி டயர்கள், குழந்தையின் பழைய தொட்டில், மலையேற்றத்துக்கான கூடாரம், கிரிக்கெட் மட்டைகள், பயணப் பெட்டிகள், ஊரிலிருந்து கொண்டுவந்து பிரிக்காமலேயே வைத்திருக்கும் வெண்கல உருளி, கொலு பொம்மைகள் எனப் பட்டியல் நீளும். தனித்தனியே பார்த்தால் அற்பமாகத் தோன்றும் இவற்றை, இன்றைய கடை விலையில் கூட்டிப் பார்த்தால் பலருக்கு வியப்பே மிஞ்சும். சைக்கிள், குறிப்பாக மின்சார சைக்கிள், பொருளா வாகனமா என்பதையும் நிறுவனத்திடம் முன்பே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

பட்டியலைத் தயாரிக்கும் முறை

கைப்பேசி ஒன்றும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைப்பொழுதும் போதுமானவை. முதலில், நிறுத்த இடத்தின் எண் தெரியும்படி தொடங்கி, இடத்தை மெதுவாகச் சுற்றி வீடியோ எடுக்க வேண்டும். ஒவ்வொரு பொருளின் பெயரையும், வாங்கிய ஆண்டையும் குரலில் சொல்லிக்கொண்டே சென்றால் பின்னர் எழுதுவது எளிது. மூடிய பெட்டியின் படம் ஒரு சான்றும் ஆகாது. பெட்டிகளைத் திறந்து, உள்ளிருப்பவற்றைத் தரையில் பரப்பியே படம் எடுக்க வேண்டும்.

மின்சாதனங்களுக்கு முன்பக்கத்தைவிடப் பின்பக்கமே முக்கியம். மாடல் எண்ணும் வரிசை எண்ணும் அச்சிடப்பட்ட ஒட்டுச்சீட்டு அங்குதான் இருக்கும். வெள்ளச் சேற்றில் ஊறிய பிறகு அந்தச் சீட்டைப் படிக்க இயலாது.

பிறகு, பொருளின் பெயர், எண்ணிக்கை, இருக்கும் இடம், வாங்கிய ஆண்டு, அன்றைய விலை, இன்றைய விலை எனச் சாதாரண அட்டவணை ஒன்று போதும். ரசீது தொலைந்திருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. இணையத்தில் வாங்கிய பொருட்களுக்கு அந்தந்தக் கணக்கிலிருந்து பழைய ரசீதுகளைப் பதிவிறக்கலாம். முத்திரையிட்ட உத்தரவாத அட்டை, வங்கிக் கணக்கு அறிக்கை, யுபிஐ பரிவர்த்தனைப் பதிவு ஆகியவையும் துணைச் சான்றுகளாக உதவும். சமையல் எரிவாயு சிலிண்டர் இருப்பின், வைப்புத்தொகைக்கான சந்தா ரசீதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

பட்டியலின் அச்சுப் பிரதியை அதே ஸ்டோர் ரூம் அலமாரியில் வைப்பதில் பயனில்லை. மின்னஞ்சலிலோ இணையச் சேமிப்பகத்திலோ ஒன்று, வெளியூரில் உள்ள உறவினரிடம் ஒன்று என வைத்திருக்கலாம். ஆண்டுக்கொரு முறை, மழைக்காலத்துக்கு முன் அதைப் புதுப்பித்தால் போதும். கனமான, விலையுயர்ந்த பொருட்களைத் தரையிலிருந்து உயர்த்தி வைக்கவும் அந்த நாளையே பயன்படுத்திக்கொள்ளலாம்.

திருட்டு விஷயத்தில் கவனம்

பாரத் கிருஹ ரக்ஷாவில் திருட்டுக்கான பாதுகாப்பு மிகவும் குறுகியது. தீ, வெள்ளம் போன்ற காப்பீடு செய்யப்பட்ட நிகழ்வுக்குப் பின், அதன் விளைவாக 7 நாட்களுக்குள் நடக்கும் திருட்டு மட்டுமே இதில் அடங்கும். சாதாரண நாளில் நடக்கும் திருட்டுக்குத் தனியாகக் கொள்ளைத் தடுப்புக் காப்பீடு எடுக்க வேண்டும். அத்தகைய காப்பீடுகளிலும் பூட்டை உடைத்து உள்ளே நுழைந்ததற்கான தடயம் பொதுவாகக் கேட்கப்படும். ஆகவே, சுவரும் கதவும் இல்லாத ஸ்டில்ட் தளத்தில் திறந்து வைக்கப்பட்ட பொருள் காணாமற்போனால் இழப்பீடு பெறுவது கடினம்.

சேதம் ஏற்பட்டால்...

நிறுவனத்துக்கு உடனடியாகத் தகவல் தெரிவிக்க வேண்டும். தீ விபத்தெனில் தீயணைப்புத் துறைக்கும், திருட்டெனில் காவல்துறைக்கும் தெரிவித்து அதற்கான பதிவைப் பெற வேண்டும். கோரிக்கைப் படிவத்தை, சேதத்தைக் கவனித்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அளிக்க வேண்டும்.

வெள்ளம் வடிந்ததும் பெரும்பாலானோர் செய்யும் முதல் வேலை, நாசமான பொருட்களை அள்ளித் தெருவில் போடுவது. சுகாதாரம் கருதி அது புரிந்துகொள்ளத்தக்கதே. இருப்பினும், மதிப்பீட்டாளர் பார்வையிடும்வரை அவற்றை ஓரமாக ஒதுக்கி வைப்பது இழப்பீட்டுக்கு அவசியம். அகற்றியே தீர வேண்டிய நிலையில், ஒவ்வொன்றையும் படம் எடுத்து, நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்த பின் அகற்றலாம். இடிபாடுகளை அகற்றும் செலவுக்கு, கோரிக்கைத் தொகையில் 2 சதவீதம் வரை திட்டத்திலேயே இடமுண்டு.

நிறுவனத்தின் முடிவு திருப்தி அளிக்காவிட்டால், முதலில் அதன் குறைதீர்ப்பு அலுவலரிடமும், பின்னர் ஐஆர்டிஏஐ-யின் 'பீமா பரோசா' இணையதளத்திலும் புகார் அளிக்கலாம். ரூ.50 லட்சம் வரையிலான கோரிக்கைகளைக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி எடுத்துச் செல்ல முடியும். நிறுவனம் நிராகரித்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு அளிக்க வேண்டும். மும்பை பெருநகரப் பகுதி நீங்கலாக மகாராஷ்டிரத்தின் பிற பகுதிகளுக்கான குறைதீர்ப்பாளர் அலுவலகம் புனேயிலேயே இயங்கி வருகிறது.