தாமிரவருணிக் கரையின் பட்சிகள்

ஆங்கிலக் கல்வி பயின்ற நம்மவருக்கு நைட்டிங்கேல் என்னும் பட்சியின் பெயர் நன்றாய்த் தெரியும். அவர்கள் அதைக் கண்டதில்லை. தமிழ்நாட்டு வயல்வெளியில் அது பாடினதுமில்லை. பரீட்சைக்கு நெட்டுருப் போட்ட ஆங்கிலக் கவிதைகளின் புண்ணியத்தால் அப்பெயர் நாவில் நிற்கிறது. ஊருக்கு வெளியே மனிதனைக் கண்ட மாத்திரத்தில் கூச்சலிட்டுக் காட்டிக்கொடுக்கும் ஆள்காட்டிக் குருவியைச் சுட்டி, இது யாது என்று வினவினால், அதே கனவான்கள் 'ஏதோ ஒரு பட்சி' என்று சொல்லி நகர்ந்துவிடுவர். அரசாட்சி 1947-இல் நம் கைக்கு வந்தது; நம் வயலும் மரமும் இன்னும் நம் அறிவுக்கு வந்து சேரவில்லை.

பொதிகையில் உற்பத்தியாகி, ஏறக்குறைய 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரவருணியை எடுத்துக்கொள்வோம். இரண்டு பருவ மழையாலும் நீர் பெறும் நதி இது. எட்டு அணைக்கட்டுகளின் வாய்க்கால்கள் வழியே அந்நீர் வயலுக்கும் குளத்துக்கும் பாய்கிறது. கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளைகிறது. நெல் விளையும் சேற்றில் புழுவும் நத்தையும் தவளையும் உண்டு; அவற்றை நாடிப் பட்சிகள் வருகின்றன. ஆகவே இப்பிரதேசத்துப் பட்சிகளை விவசாயத்தினின்று பிரித்துப் பேசுவதற்கில்லை.

உழவின் பின்னே நடந்து செல்லும் உண்ணிக்கொக்கைப் பாருங்கள். எருது போய் டிராக்டர் வந்தும் அது தன் உத்தியோகத்தை விடவில்லை. புரண்ட மண்ணில் கிளம்பும் பூச்சிகளைப் பொறுக்கிக்கொண்டே போகிறது. மடையான் வாய்க்கால் ஓரத்தில் மண்ணோடு மண்ணாய் நிற்கும். எழுந்து பறக்கும்போதுதான் அதன் சிறகு வெண்மையென்று தெரியும். நத்தைகுத்தி நாரையின் மேலலகும் கீழலகும் நடுவில் ஒட்டுவதில்லை. அந்த அலகைக்கொண்டு அது நத்தையின் சதையை ஓட்டினின்று பிரித்துவிடுகிறது. இரட்டைவால் குருவி என்னும் கரிச்சான் வந்து அமர்வதற்கென்றே வயலில் குச்சி நட்டுவைக்கும் குடியானவர்கள் உண்டு. கூலியின்றிப் பூச்சி பிடிக்கும் வேலையாள் அது. இவற்றின் ஆகாரத்தையே விஷமாக்கும் மருந்துகளை விலைகொடுத்து வாங்கித் தெளித்துவிட்டு, பட்சிகள் குறைந்துவிட்டனவே என்று நாம் பிரலாபிப்பது என்ன நியாயமோ!

குயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் கவிகள் அதைப் பெண்ணாகவே பாவித்து வந்திருக்கின்றனர். வசந்தகாலத்தில் தோப்பில் நாம் கேட்கும் அந்த இனிய கூவல் கருநிற ஆண் குயிலினுடையது. புள்ளிகள் நிறைந்த பெண், காக்கையின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் பறந்துவிடுகிறது. கவிகளோடு நமக்கு வழக்கில்லை. பிள்ளைகளுக்கு உண்மையையும் சொல்லிவைக்கலாம் என்பதே நம் அபிப்பிராயம்.

1885-இல் காங்கிரஸ் மகாசபை தோன்றுவதற்கு முன்னின்று உழைத்த ஆலன் ஆக்டேவியன் ஹியூமை நமது வாசகர்கள் அறிவர். அவரே இந்தியப் பட்சி சாஸ்திரத்தின் பிதாவென்று கருதப்படுபவர் என்பதை அறிந்தவர் சிலரே. 1872-இல் இதற்கென்று ஒரு பத்திரிகையும் தொடங்கினார். பல வருஷம் எழுதிச் சேர்த்த அவருடைய கையெழுத்துப் பிரதிகள் பழைய காகிதமாக விற்கப்பட்டுப் போயின. அவர் திரட்டிய 60,000-க்கு மேற்பட்ட பறவைத் தோல்கள் லண்டன் பொருட்காட்சிசாலைக்குச் சென்றன. நம் நாட்டுப் பட்சிகளைப் பரிசோதிக்க விரும்பும் நம் வாலிபன் கப்பலேற வேண்டியதாயிற்று.

ஆனால், பாதுகாப்பை வெள்ளையர்தாம் நமக்குக் கற்பித்தனர் என்பதை நாம் ஒப்புக்கொள்ளோம். செங்கற்பட்டுச் சீமையின் வேடந்தாங்கலில் வெள்ளைச் சிப்பாய்கள் பட்சிகளைச் சுட்டபோது, அவ்வூரார் முறையிட்டே கலெக்டரிடம் 1798-இல் தடை உத்தரவு பெற்றார்கள். எச்சம் கலந்த குளத்து நீர் பயிருக்கு உரம் என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டிருந்தார்கள். நெல்லைச் சீமையின் கூந்தன்குளத்தில் மஞ்சள்மூக்கு நாரைகள் ஊருக்குள்ளேயே வீட்டோர மரங்களில் கூடு கட்டுகின்றன. அவற்றின் வரவை ஊரார் நற்சகுனமாகக் கொள்கிறார்கள். சர்க்கார் அதைச் சரணாலயமாக்கியது 1994-இல்தான். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளும் மாரிக்காலத்தில் அக்குளத்துக்கு வருகின்றன. தாமிரவருணிக் கரையிலேயே திருப்புடைமருதூரில், கோயிலையொட்டிய மரங்களில் தங்கும் பட்சிகளுக்காக 2005-இல் பாதுகாப்பு ஒதுக்கிடம் ஏற்பட்டது.

சட்டத்தின் விசித்திரம் ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். பிதிர்களுக்கென்று நாம் சோறிடும் காக்கை, 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் எலியோடும் பழந்தின்னி வௌவாலோடும் தீங்குயிர்ப் பட்டியலில் வைக்கப்பட்டிருந்தது. அப்பட்டியல் 2022-ஆம் வருஷத்துத் திருத்தத்தால்தான் நீங்கிற்று. அரை நூற்றாண்டுக் காலம் எந்தச் சட்டசபையில் யார் இதைப்பற்றிக் கவலைப்பட்டார்கள்?

சரணாலயத்துக்குச் சட்டம் உண்டு. சாலையோரத்து மருதமரத்துக்கு யார் இருக்கிறார்கள்? கூடுகளில் குஞ்சு இருக்கும்போதே கோடரி வைக்கப்படுகிறது. ஆற்றங்கரை மண்சரிவில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும் மீன்கொத்திக்கு, கரையைச் சுரண்டிய பின் இடமேது? சாலை அகலப்படுத்தும் உத்தரவு பிறக்குமுன், அம்மரங்களில் கூடு உண்டா என்று கிராமசபையைக் கேட்டறியும் விதி ஒன்று வேண்டும். கிராமசபைகள் அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக நிறைவேற்றி ஜில்லாக் கலெக்டருக்கு அனுப்பலாம். தேசத்தொண்டர்கள் தத்தம் ஊரில் இதற்கு முன்வருவார்களா?