ஏற்றும் இரத்தமும் பரவும் புற்றும்

"இரத்தம் ஏத்தினா புற்று பரவுமாமே, மெய்யா?"

இரத்த வங்கியில் வேலை செய்த காலத்திலும் சரி, இப்போது ஜும்ஆ முடிந்து பள்ளி முற்றத்தில் நிற்கும்போதும் சரி, இந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை. வட்ஸ்அப் குரல்பதிவுகள் வந்த பிறகு அது இன்னும் கூடிவிட்டது. "சும்மா கதை" என்று தட்டிவிட்டுப் போகலாம். ஆனால் இது முழுக்கச் சும்மா கதையுமல்ல. வைத்திய உலகம் நாற்பது வருடங்களுக்கு மேலாக வாதாடிவரும் விஷயம். அதில் பாதியை மட்டும் கேட்டவர்கள்தான், வேண்டிய நேரத்தில் இரத்தத்தை வேண்டாமென்கிறார்கள். உயிர் காக்க இரத்தம் ஏற்றுவது ஆகுமென்று உலமாக்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். இங்கே பிரச்சினை அதுவல்ல, பயம்.

கதை சிறுநீரகத்தில் தொடங்குகிறது. 1973இல் கலிபோர்னியாவில் ஒபெல்ஸ், தெரசாக்கி முதலானோர் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். முன்னர் இரத்தம் ஏற்றப்பட்டவர்களிடத்தில் புதிய சிறுநீரகம் கூடுதலாக நிலைத்திருந்தது. பிறருடைய இரத்தம் உடலின் எதிர்ப்பைக் கிளறிவிடும் என்று எண்ணியிருந்தவர்களுக்கு இது புதினமாக இருந்தது. அது நிர்ப்பீடனத்தைச் சற்றுத் தளர்த்திவிடுகிறது என்று கண்டார்கள். சைக்ளோஸ்போரின் மருந்து பரவலாகும்வரை, சிறுநீரகம் பொருத்துமுன் வேண்டுமென்றே இரத்தம் ஏற்றிய வைத்தியசாலைகளும் இருந்தன.

அடுத்த கேள்வி தானாகவே வந்தது. அந்நிய சிறுநீரகத்துக்கு இடம்கொடுக்கும் நிர்ப்பீடனம், புற்றுக் கலத்துக்கும் இடம்கொடுத்துவிடாதா? 1981இல் 'லான்செட்' சஞ்சிகைக்கு எழுதிய கடிதமொன்றில் கான்ட் என்ற வைத்தியர் இதைக் கேட்டார். மறுவருடமே பரோஸ், டார்ட்டர் இருவரும் பெருங்குடல் புற்றுநோயாளரின் விபரங்களோடு வந்தார்கள். சத்திரசிகிச்சையின்போது இரத்தம் ஏற்றப்பட்டவர்களுக்கு நோய் மீண்டும் வருவது அதிகமாக இருந்தது.

எப்படி நடக்கக்கூடும்? சத்திரசிகிச்சை நேரத்தில் சில புற்றுக் கலங்கள் இரத்தத்திலும் நிணநீரிலும் கழன்று போகலாம். அவற்றைத் தேடி அழிப்பவை இயற்கைக் கொல்லிக் கலங்கள். ஏற்றப்படும் இரத்தத்தோடு வரும் அந்நிய வெண்குழியங்களும், பையில் இருக்கும்போது அவை கசியவிடும் பதார்த்தங்களும் இந்தக் காவலை மந்தப்படுத்தலாம் என்பது ஒரு கருத்து. பழைய செங்குழியங்களே காரணம் என்பது இன்னொன்று. செங்குழியப் பையொன்றைக் குளிரில் 35 அல்லது 42 நாட்கள் வரை வைக்கலாம். நாள் போகப்போகக் குழியங்கள் உடைந்து ஈமோகுளோபினும் இரும்பும் வெளியே வரும். எலிகளில் செய்த சோதனைகளில், பல நாள் வைத்திருந்த இரத்தம் ஏற்றியபோது புற்று கூடுதலாகப் பரவியது. எலியில் கண்டதை அப்படியே மனிதனுக்குப் பொருத்த முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குரல்பதிவுக்காரர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். யாருக்கு இரத்தம் ஏற்றுகிறோம் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். கட்டி பெரியது, வெட்டு பெரியது, இரத்தப்போக்கு அதிகம், ஆள் முன்னமே சோகை பிடித்து மெலிந்தவர். இப்படிப்பட்டவருக்கு இரத்தம் ஏற்றாவிட்டாலும் நோய் திரும்பிவர வாய்ப்புக் கூடத்தான். குற்றம் இரத்தத்திலா, நோயிலா?

இதைப் பிரித்தறிய நெதர்லாந்தில் செய்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. பெருங்குடல், நேர்குடல் புற்றுநோயாளரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். தேவைப்பட்டால் ஒரு பகுதியினருக்குப் பிறர் இரத்தம். மற்றப் பகுதியினருக்கு, அவர்களிடமிருந்தே முன்கூட்டி எடுத்து வைத்த சொந்த இரத்தம். பிறர் இரத்தம்தான் குற்றவாளி என்றால், சொந்த இரத்தக்காரர்கள் தப்பியிருக்க வேண்டும். 1993இல் முடிவு வெளியானது. கட்டியை முற்றாக அகற்ற முடிந்தவர்களில், நான்கு வருடங்களின் பின் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் பிறர் இரத்தப் பிரிவில் 66 வீதம், சொந்த இரத்தப் பிரிவில் 63 வீதம். பெரிய வித்தியாசமில்லை. ஆனால் எந்த இரத்தமானாலும் ஏற்ற நேர்ந்தவர்களின் நிலை, ஏற்றத் தேவைப்படாதவர்களை விட மோசமாகவே இருந்தது. இரத்தம் ஏற்றும்படி செய்த நிலைமைதான் காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் எழுதினார்கள்.

வழக்கு அத்தோடு மூடப்படவில்லை. 2006இல் கொக்ரேன் மீளாய்வு, 36 ஆய்வுகளில் 12,127 நோயாளரைச் சேர்த்துப் பார்த்தது. இரத்தம் ஏற்றப்பட்டவர்களிடம் நோய் திரும்புவது கூடுதலாகவே தெரிந்தது. ஆனாலும் இரத்தமே காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல அது மறுத்துவிட்டது. என் அபிப்பிராயத்தையும் கேட்டால், சிறு பாதிப்பு இருக்கக்கூடும், சோகையும் இரத்தப்போக்கும் அதைவிடப் பெரிய ஆபத்து என்பேன். பிரேசிலில், வயிற்றுப் புற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பின் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். ஈமோகுளோபின் 7க்கு இறங்கும்வரை காத்திருந்து ஏற்றிய பிரிவை விட, 9க்குக் கீழே வந்ததுமே ஏற்றிய பிரிவில் மரணமும் பெரிய சிக்கல்களும் குறைவாக இருந்தன. 2015இல் வெளியானது அது. இரத்தத்தைச் சிக்கனமாக ஏற்றுவது நல்லதுதான், அதிலும் ஓர் அளவு வேண்டும்.

இன்னொரு பேச்சையும் அடிக்கடி கேட்கிறேன். "அந்நியன்ட இரத்தம் வேணாம், என்ட தம்பிட இரத்தத்தையே ஏத்துங்க." பாசம் விளங்குகிறது, ஆனால் இது பாதுகாப்பானதல்ல. நெருங்கிய உறவினரின் வெண்குழியங்கள் நோயாளியின் இழைய வகையை ஒத்திருக்கலாம். அப்போது உடல் அவற்றை அந்நியர் என்று அடையாளம் காணாது. அவை உள்ளே தங்கிப் பெருகி, தோலையும் ஈரலையும் எலும்பு மச்சையையும் தாக்கலாம். அரிதாகத்தான் வரும், வந்தால் பெரும்பாலும் மௌத்துதான். உறவினர் இரத்தம்தான் என்று வந்தால் முதலில் காமாக் கதிர் பாய்ச்ச வேண்டும் என்பது அதனால்தான்.

லியூக்கேமியா வந்த பிள்ளைக்குக் கதையே வேறு. அங்கே இரத்தமும் குருதிச் சிறுதட்டுக்களும் இல்லாமல் கீமோ கொடுக்கவே முடியாது. சிறுதட்டுக்கள் ஐந்து நாட்களுக்கு மேல் தாங்காது. பள்ளிவாசலில் இரத்ததான முகாம் வைத்தால் மஹரகமவில் படுத்திருக்கும் பிள்ளைக்கு உடனடியாக உதவுவது அதனால்தான்.

சத்திரசிகிச்சைக்குச் சில வாரம் இருப்பவர்கள் ஒரு காரியம் செய்யலாம். ஈமோகுளோபினோடு ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லி டொக்டரிடம் கேளுங்கள். இரும்புச்சத்து குறைவென்றால் மாத்திரை, நாள் போதாவிட்டால் நாளத்தினூடாக இரும்பு மருந்து. இப்படி ஏற்ற வேண்டிய பைகளைக் குறைக்கலாம். மாத்திரையைப் பிளேன்டீயோடு குடிக்காதீர்கள், தேயிலை இரும்பை உறிஞ்ச விடாது. தேசிக்காய்த் தண்ணீரோடு குடியுங்கள், டீயை இரண்டு மணித்தியாலம் தள்ளி வையுங்கள்.