சிறு அமைப்புகளும் இணைய அச்சுறுத்தல்களும்: வட சிலாங்கூர்த் தோட்டப்புறச் சூழலை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

இணையப் பாதுகாப்பு என்றதும் வங்கிகளும் பெருநிறுவனங்களும் அரசுத் துறைகளுமே பெரும்பாலோர் நினைவிற்கு வருகின்றன. ஆயினும், தமிழ்ப்பள்ளியின் மேலாளர் வாரியம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், ஆலய நிருவாகக் குழு ஆகியனவும் இன்று தம் நிதியையும் உறுப்பினர் விவரங்களையும் இணையத்தின் வழியே கையாள்கின்றன. இத்தகைய சிறு அமைப்புகளுக்கு நேரக்கூடிய இடர்களையும் அவற்றைத் தடுக்கும் வழிகளையும் கோல சிலாங்கூர், வட சிலாங்கூர்த் தோட்டப்புறச் சூழலில் வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்டச் சூழலும் நம்பிக்கையும்

தோட்ட வாழ்வில் ஒருவரை அடையாளம் காண்பது என்பது அவர் முகத்தை அறிவதாகவே இருந்தது. விடியற்காலைப் பெரட்டில் மண்டோர் ஆள்களை நேரில் கண்டு பெயர் குறித்தார். கிராணியார் செக்ரோலைப் பார்த்துச் சம்பளத்தைக் கணக்கிட்டார். இரப்பர் இருந்த இடத்தைச் செம்பனை பிடித்துக்கொண்டது; தோட்டத்து மக்கள் பலர் ஈஜோக், புக்கிட் ரோத்தான், 2007ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை முதலிய ஊர்களுக்கும் கிள்ளான், ரவாங் போன்ற நகரங்களுக்கும் பெயர்ந்தனர். தோட்டத்தின் பெயரைத் தாங்கிய பள்ளியும் ஆலயமும் அவர்களை இன்றும் இணைத்து நிற்கின்றன. ஆனால், அவ்விணைப்பு இப்போது பெரும்பாலும் புலனக் குழுக்கள் வழியாகவே நிகழ்கிறது. முகம் கண்டு வளர்ந்த நம்பிக்கை, முகம் காணா ஊடகத்திற்கு அப்படியே மாற்றப்பட்டுள்ளது. மோசடியாளர் நுழையும் வாயில் இதுவே எனலாம்.

அச்சுறுத்தல்களின் வகைகள்

இவ்வமைப்புகளை நெருங்கும் அச்சுறுத்தல்களை நான்காக வகுத்துக் காணலாம்.

முதலாவது, ஆள்மாறாட்டம். பள்ளி மண்டபத்தைக் கட்டும் குத்தகையாளர் பெயரில், "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிப் புதிய எண்ணில் செலுத்துக" என்று ஒரு மின்னஞ்சல் வருவதாகக் கொள்வோம். பொருளாளர் அதை நம்பிப் பணம் அனுப்பினால், எந்தக் கணினியும் உடைக்கப்படாமலேயே நிதி பறிபோகிறது.

இரண்டாவது, திருமண அழைப்பிதழ் போன்ற தோற்றத்தில் புலனத்தில் வரும் செயலிக் கோப்பு. அதனைத் திறன்பேசியில் நிறுவினால், வங்கி அனுப்பும் குறுஞ்செய்திகளும் அதிலுள்ள குறியீட்டு எண்களும் மோசடியாளர் கைக்குச் செல்லக்கூடும். இது குறித்து மலேசியக் காவல் துறையினர் எச்சரித்துள்ளனர்.

மூன்றாவது, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பிணைப்பணம் கோரும் நச்சுநிரல். 2017 மே மாதத்தில் பரவிய வான்னாகிரை, பிரிட்டனின் மருத்துவமனைகளையே நிலைகுலையச் செய்தது. அது பயன்படுத்திய குறைபாட்டிற்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது என்பது கருதத்தக்கது. 2025 மார்ச்சில் மலேசிய விமான நிலையங்கள் நிறுவனம் தாக்கப்பட்டபோது, 1 கோடி அமெரிக்க டாலர் கோரப்பட்டதாகவும் அதற்கு இணங்கவில்லை எனவும் பிரதமர் அறிவித்தார்.

நான்காவது, தரவுக் கசிவு. மலேசியக் கைப்பேசிச் சந்தாதாரர் தொடர்பான 4 கோடியே 62 இலட்சம் பதிவுகள் கசிந்தமை 2017இல் தெரியவந்தது. 2018இல் பள்ளித் தேர்வு ஆய்வு முறைமையில் பாதுகாப்புக் குறைபாடு வெளிப்பட்டதால், கல்வி அமைச்சு அதனைத் தற்காலிகமாக மூடியது. கடவுச்சொல் களவுபோனால் மாற்றிக்கொள்ளலாம். ஒரு மாணவரின் அடையாள அட்டை எண் வாழ்நாள் முழுவதும் அதுவேயாகும்.

மொழியும் மோசடியும்

2016 பிப்ரவரியில் நியூயார்க்கில் இருந்த வங்காளதேச மைய வங்கிக் கணக்கிலிருந்து 8 கோடியே 10 இலட்சம் டாலர் திருடப்பட்டுப் பிலிப்பைன்சுக்குச் சென்றது. இலங்கைக்கு அனுப்பப்பட்ட மேலும் 2 கோடி டாலர் தடுக்கப்பட்டது. பெறுநரின் பெயரில் 'பவுண்டேஷன்' என்னும் ஆங்கிலச் சொல் பிழையாக எழுதப்பட்டிருந்தமை ஐயத்தை எழுப்பியது. எழுத்துப்பிழை மோசடியின் அடையாளம் என்று நாம் மாணவர்க்குக் கற்பிப்பதற்கு இந்நிகழ்ச்சி சிறந்த சான்றாக விளங்கியது.

ஆயினும், அச்சான்று இன்று வலுவிழந்துவிட்டது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் மலாயிலும் தமிழிலும் பிழையற்ற அலுவல் கடிதங்களை நொடியில் எழுதித் தருகின்றன. குரலையும் முகத்தையும்கூட அவை போலச்செய்கின்றன. 2024ஆம் ஆண்டில் வெளிவந்த செய்தியின்படி, அரூப் என்னும் பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் ஊழியர் ஒருவர், காணொலிக் கூட்டத்தில் தம் மேலதிகாரிகளைக் கண்டதாக நம்பி 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பினார். அவர் கண்டவை போலி உருவங்கள். எனவே, செய்தியின் நடையோ தோற்றமோ அதன் மெய்ம்மைக்குச் சான்றாகா. அச்செய்தி வந்த வழியை விடுத்து வேறொரு வழியில் உறுதிசெய்வதே சான்றாகும்.

சட்டத்தின் எல்லை

2024ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டம் அவ்வாண்டு ஆகஸ்டு 26இல் நடைமுறைக்கு வந்தது. அது வகுத்துள்ள 11 துறைகளுள் வேளாண்மையும் தோட்டத்துறையும் ஒன்றாகும். ஆகவே, ஒரு தோட்ட நிறுவனம் இச்சட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்படலாம். அத்தோட்டத்தின் ஓரத்திலுள்ள ஆலயக் குழுவோ பெற்றோர் சங்கமோ அதன் இலக்கன்று. 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வணிக நடவடிக்கைகளையே சார்ந்தது. கூட்டரசு, மாநில அரசுகள் அதற்கு உட்பட்டவையல்ல. தரவுக் கசிவை 72 மணி நேரத்திற்குள் ஆணையருக்கு அறிவிக்கும் கடப்பாடு அச்சட்டத்தின்கீழ் 2025 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. சிறு அமைப்புகள் சட்டம் தம்மைக் கட்டாயப்படுத்தும் வரை காத்திராமல் தாமே விதி வகுத்துக்கொள்ள வேண்டியுள்ளன.

தற்காப்பு நெறிகள்

இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. கீழ்க்காண்பவற்றைக் கூட்டக் குறிப்பில் தீர்மானமாகப் பதிவுசெய்தாலே போதிய தொடக்கமாகும்.

1. கணக்கு எண் மாற்றமோ அவசரக் கட்டளையோ வந்தால், அச்செய்தியிலுள்ள எண்ணை அழைக்காது, கோப்பில் முன்பே உள்ள எண்ணை அழைத்து உறுதிசெய்தல். இருவர் ஒப்புதலின்றிப் பணம் அனுப்பாதிருத்தல். காவல் துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் கணக்கு எண்ணைச் சரிபார்த்தல். ஆயினும், அதில் பதிவில்லாத காரணத்தால் மட்டும் ஒரு கணக்கை நம்பிவிடாதிருத்தல்.

2. மின்னஞ்சலைச் செயலாளரின் சொந்தப் பெயரில் அன்றிச் சங்கத்தின் பெயரில் வைத்திருத்தல். இருபடிச் சரிபார்ப்பை இயக்குதல். ஆண்டுக் கூட்டத்தில் பொறுப்பாளர் மாறும்போது கடவுச்சொற்களையும் மாற்றுதல்.

3. அடையாள அட்டை, வருமானச் சான்று ஆகியவற்றின் படிகளைப் புலனக் குழுவில் கேட்காதிருத்தல். தேவை முடிந்ததும் அழித்தல்.

4. முக்கியக் கோப்புகளுக்கு மூன்று படிகள் வைத்து, ஒன்றையேனும் கணினியோடு இணைக்காமல் வேறிடத்தில் காத்தல். அதனை அவ்வப்போது திறந்து பார்த்தல். மென்பொருள் திருத்தங்களைத் தாமதமின்றி ஏற்றல்.

5. பணம் பறிபோனால் உடனே வங்கியையும் 997 என்னும் தேசிய மோசடிப் பதில்நடவடிக்கை மையத்தையும் அழைத்துக் காவல் துறையில் புகார் செய்தல். நச்சுநிரல் போன்றவற்றுக்குச் சைபர்999 சேவையை நாடுதல்.

இவற்றுள் ஐந்தாவது பெரிதும் மனப்பாங்கைச் சார்ந்தது. திருடப்பட்ட பணம் விரைவில் பல கணக்குகளுக்குத் தாவிவிடும். பழிச்சொல்லுக்கு அஞ்சும் பொருளாளர் ஓரிரவு மௌனம் காத்தாலும் மீட்கும் வாய்ப்பு அருகிவிடும். ஆகவே, உடனே தெரிவிப்பவரைக் குற்றவாளியாக நடத்தோம் என்பதையும் அமைப்பு முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும்.

முடிவுரை

தோட்டப்புற அமைப்புகளின் நிதி, உழைப்பாளர்கள் சிறுகச் சிறுகக் கொடுத்தது. அதனைக் காக்கும் வழி ஒருவரையொருவர் ஐயுறுவதன்று. நம்பிக்கைக்குரியவரின் பெயரைப் பிறர் பயன்படுத்த இடந்தராத நடைமுறையை அமைப்பதேயாகும். தலைவரே கேட்டாலும் மறுபடி அழைத்து உறுதிசெய்யும் பொருளாளர் அவரை அவமதிக்கவில்லை. அவர் பெயரைக் காக்கிறார். இப்புரிதலைப் பெற்றோரிடமும் மாணவரிடமும் வளர்க்கும் தகுதியும் வாய்ப்பும் தமிழாசிரியர்களுக்கு உண்டு என்பது நம் துணிபு.